வட்டம், ஒன்று

ஒரு கண்காட்சி முடிந்து
அடுத்தது தொடங்குவதற்குள்
எனக்கு மூன்று நாள் வேலை.
படங்களை இறக்கி, ஆணி பிடுங்கி,
ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து,
உப்புத்தாளால் தேய்த்து,
பிறகு வெள்ளை.
எப்போதும் வெள்ளை.

போர்ட்டோவில்,
மழை நம்மை முந்திக்கொண்டு இறங்கும்
ஒரு சரிவுத் தெருவில் இருக்கிறது கூடம்.
முன்பு பொத்தான் கடை.
தரைப்பலகை இடுக்கில் இன்னும்
சிப்பிப் பொத்தான் அகப்படும்.
எட்டெட்டு வைத்தால் எதிர்ச்சுவர் வந்துவிடும்.
இல்டா இதை நடத்துகிறாள்.
பகலெல்லாம் ஒரு பல் மருத்துவரிடம் கணக்கெழுதி
அந்தச் சம்பளத்தை
இந்தச் சுவர்களுக்கு வாடகையாகக் கட்டுகிறாள்.

ஒன்பது வருடம், நாற்பத்து மூன்று கண்காட்சி,
நாற்பத்து மூன்று பூச்சு.
வெள்ளை தடித்துத் தடித்து
அறை சிறுத்துக்கொண்டே வருகிறது என்று
ஒருநாள் சொன்னேன்.
"வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்,
வாடகையும் சிறுக்குமா என்று."

திறப்பு நாளில் இருபது பேர் வந்தால் திருவிழா.
அதில் பாதி வைனுக்கு.
எதிர்ச்சாரி இரும்புக்கடை அன்செல்மோ மட்டும்
ஒன்றுவிடாமல் வருவார்.
படத்துக்கு நேரே நிற்கமாட்டார்.
பக்கவாட்டில் போய்க் கன்னத்தைச் சுவரோடு ஒட்டி
சட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்,
தன் கடை ஆணி தாங்குகிறதா என்று.
தாங்கினால் ஒரு தலையசைப்பு.
"நல்ல கண்காட்சி."

இந்த அக்டோபரில் வந்தவள் பெனெடிட்டா.
படம் ஒன்றும் கொண்டுவரவில்லை.
பையில் சுரண்டி, நாலு வகை உப்புத்தாள், முகமூடி.
"பூசாதே" என்றாள் என்னிடம்.
இடதுசுவரில்
சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு
ஐந்து நாள் தேய்த்தாள்,
ஓரத்தில் பட்டும் படாமல்,
உள்ளே போகப்போக ஆழமாக.
ஏணியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் சட்டையின் உள்தையலை
யாரோ பிரித்து நாலுபேருக்குக் காட்டுவதுபோல் கூச்சம்.

நான் பூசியது ஒரே வெள்ளை இல்லை.
ஒன்று மோர்.
ஒன்றில் நீலம் தூக்கலாக.
ஒன்று பீடி குடிக்கிறவன் பல்.
நடுவே கறுப்பாக ஒரு மயிரிழை வளையம்:
அறை முழுக்க இருட்டு வேண்டும் என்ற
காணொளிக்காரனின் மாதம்.
அதை மறைக்க நாலு பூச்சு,
எனக்கு இடுப்பு வலி.
எல்லாவற்றுக்கும் அடியில்
காசளவு பச்சை,
பொத்தான் கடை.

திறப்பு நாளில் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.
மரத்தை அறுத்த மாதிரி என்றாள் ஒருத்தி.
ஏதோ கிரகம் என்றான் அவளோடு வந்தவன்.
அன்செல்மோ வழக்கம்போல் பக்கவாட்டில் போனார்.
கன்னத்தை ஒட்டினார்.
எட்டிப் பார்க்கச் சட்டமே இல்லை.
"இந்தத் தடவை என்னிடம் ஒன்றும் வாங்கவில்லையா?"
முகம் விழுந்துவிட்டது மனிதருக்கு.

பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
முதல் தடவையாக
நேரே வந்து நின்றார்.
சுண்டுவிரல் சுவரைத் தொடாமல்
வளையம் வளையமாக நகர்ந்தது.
"இது மலிவு டப்பா, வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.
இந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள்.
இது நோய்க்காலம்,
கதவைப் பாதி திறந்து நீட்டினேன்.
இது..."
விரல் நின்றது.
இல்டா பக்கம் திரும்பினார்.
"இதற்கு இன்னும் காசு வரவில்லை."

அவள் சிரித்த வேகத்தில்
வைன் ஒரு சொட்டு வட்டத்தின் மேல் தெறித்தது.
துடைக்கப் போனேன்.
பெனெடிட்டா கையைப் பிடித்துக்கொண்டாள்.

விற்பனை ஒன்றும் இல்லை.
சுவரை யார் வாங்குவார்கள்?
நாலு வாரம் போயிற்று.
எனக்கு மறுபடி மூன்று நாள் வேலை.
பட்டி வாங்க எதிர்ச்சாரிக்குப் போனேன்.
"எவ்வளவு அகலம்?"
"தட்டளவு."
"ஆழம்?"
நகத்தைக் காட்டினேன்.
ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்தார்.
காசு, என்றார்.
இல்டா தருவாள், என்றேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தோம்.

நோட்டை விரித்தார்.
பென்சில் முனையை நாக்கில் நனைத்தார்.
பட்டி என்றுதான் எழுதுவார் என நினைத்தேன்.
தலைகீழாக எட்டிப் படித்தேன்:
வட்டம், ஒன்று.